மூடியைத் திறக்கத் தெரியுமா?

வணக்கம், நேயர்களே. முதன்முதலாகப் பள்ளிக்குப் போகப்போகும் பிள்ளையை எப்படித் தயார் செய்வது என்று 10 நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். 30 ஆண்டுகளுக்கு மேல் முதல் வகுப்பிலேயே காலம் தள்ளிய ஒருத்திக்கு 10 நிமிடம் கொடுப்பது கொஞ்சம் கஞ்சத்தனம்தான். பார்ப்போம்.

பெற்றோர் என்னிடம் கேட்பதெல்லாம் எழுத்தைப் பற்றித்தான். "எல்லா எழுத்தும் சொல்லுவான், நூறு வரை எண்ணுவான், போதுமா டீச்சர்?" என்பார்கள். "தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பானா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். கேலி செய்கிறேன் என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. ஏன் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன் சேர்ந்தான். கெட்டிக்காரன். எழுத்துகளை முன்னிருந்தும் சொல்வான், பின்னிருந்தும் சொல்வான். முதல் நாள் அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. இவனால் நமக்குத் தொல்லை இல்லை என்று நானும் அழுகிற பிள்ளைகள் பக்கம் போய்விட்டேன். மறுநாள் காலையில் அவனுடைய அம்மா வந்து நின்றார். நிறைத்துக் கொடுத்தனுப்பிய பாட்டில் நிறைந்தபடியே வீட்டுக்கு வந்திருக்கிறது. கேட்டால், தாகமே எடுக்கவில்லை என்றானாம்.

அன்று அவனைக் கவனித்தேன். இடைவேளை மணி அடித்ததும் பாட்டிலை எடுத்தான். இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி மூடியைத் திருகினான். திறக்கும் பக்கமாகத் திருகினாலும் பரவாயில்லை, இறுக்கும் பக்கமாகத் திருகுகிறான்! கை வழுக்கியது. சட்டை நுனியைச் சுற்றிப் பிடித்துத் திருகினான். அசையவில்லை. பக்கத்துப் பையன் மடமடவென்று குடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பாட்டிலைப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, கைகட்டி உட்கார்ந்துகொண்டான்.

அவன் கைகட்டி உட்கார்ந்த அந்தக் காட்சி இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அழுதிருந்தால் ஓடியிருப்பேன். கேட்டிருந்தால் திறந்து கொடுத்திருப்பேன். கேட்கலாம் என்பதே அவனுக்குத் தெரியாது. வீட்டில் கேட்க வேண்டிய தேவையே வந்ததில்லை. அவன் வாய் திறக்கும் முன்பே யாராவது மூடியைத் திறந்து நீட்டியிருப்பார்கள். முதல் நாளே பார்க்கத் தவறியது என் பிழை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆக, எனக்கு வேண்டியவை இரண்டு: கையும் வாயும். தன் மூடியைத் தானே திறக்கிற கை. திறக்க வராவிட்டால், "டீச்சர், இதைத் திறந்து கொடுங்கள்" என்று கேட்கிற வாய். எழுத்தை எங்களிடம் விட்டுவிடுங்கள். சம்பளம் வாங்குவதே அதற்குத்தான்.

கையைப் பற்றி ஒரு செய்தி. நம் மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை பெரும்பாலும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். அப்புறம் ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாக இறுகி எலும்பாகும். கடைசி ஒன்று அப்படி இறுகத் தொடங்குவதற்கே 8 முதல் 12 வயது ஆகிவிடுகிறது. இப்படி முற்றாத கையில் பென்சிலைத் திணித்து, கோட்டுக்குள் எழுது, பக்கம் முழுக்க எழுது என்று நாம் அதட்டுகிறோம். அந்தக் கைக்கு வேண்டியது வேறு. ஈரத்துணியைப் பிழியட்டும். களிமண் பிசையட்டும். பழைய தாளைக் கிழிக்கட்டும். துணி காயப்போடும்போது கிளிப் மாட்டுவதை அவன் பொறுப்பில் விடுங்கள். கிளிப்பை அழுத்தப் பழகிய விரல்களுக்குப் பென்சில் பெரிய சுமையாக இராது.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-இல் ரோம் நகரில் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் 'குழந்தைகள் இல்லம்' என்ற தம் முதல் பள்ளியைத் திறந்தார். அவருடைய சாதனங்களில் மரச்சட்டங்கள் உண்டு. சட்டத்தில் இரண்டு துண்டுத் துணி, நடுவில் பொத்தான்கள். இன்னொரு சட்டத்தில் முடிச்சுப் போட நாடா. பொத்தான் போடுவதையும் ஒரு பாடமாக மதித்த அம்மையார் அவர். உங்களுக்குச் சட்டம் வேண்டாம், வீட்டில் ஒரு பழைய சட்டை இருந்தால் போதும்.

சொல்லிக்கொடுக்கும்போது ஒரு தந்திரம். கடைசியிலிருந்து தொடங்குங்கள். மூடியை நீங்களே முக்கால் பங்கு திருகிவிட்டு, மிச்சத்தை மட்டும் அவனிடம் விடுங்கள். டப் என்று கையோடு வந்துவிடும். "நான் திறந்துவிட்டேன்!" என்பான். மறுநாள் பாதி திருகிக் கொடுங்கள், அடுத்த வாரம் கால்வாசி. ஜிப்பும் அப்படித்தான்: நுனியைக் கோத்துத் தருவது நீங்கள், மேலே இழுப்பது அவன். முதலிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு முறையும் தோற்று, கடைசியில் நீங்கள் பிடுங்கிச் செய்வதில்தான் போய் முடியும். காலை அவசரத்தில் இதைச் சொல்லிக்கொடுக்க உட்காராதீர்கள், இரண்டு பேருக்கும் கோபம் வரும். விடுமுறையில் ஒரு மத்தியானம், பள்ளிக்குக் கொண்டுபோகப்போகிற அதே பாட்டில், அதே டப்பாவோடு தரையில் உட்கார்த்தி வைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள். நீங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். அதுதான் கஷ்டம்!

இனி வாய். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு செல்லச் சொல் இருக்கும். ஒரு சிறுமி என் விரலைப் பிடித்து இழுத்து, "டீச்சர், குருவி" என்றாள். நானும் ஆசையாக ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்து, "எங்கே, எங்கே?" என்று தேடினேன். திரும்புவதற்குள் பாவாடை நனைந்துவிட்டது. ஊரார்க்குப் புரிகிற சொல் ஒன்றையும் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள். வீட்டில் உங்களுக்குள் குருவி இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும், கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்வேன். "இரு, பள்ளிக்கூடம் திறக்கட்டும், டீச்சரிடம் சொல்லி உன்னை வழிக்குக் கொண்டுவருகிறேன்" என்று பிள்ளையை மிரட்டுகிறீர்களே, அந்தப் பூச்சாண்டியிடம் போய் அது எந்த வாயால் தண்ணீர் மூடியைத் திறக்கச் சொல்லிக் கேட்கும்? நீங்கள் மிரட்டிய மிரட்டலை இறக்க எனக்கு ஒரு மாதம் பிடிக்கிறது.

அடடா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். காலணி, பை எடை, கதை வாசிப்பு எல்லாம் தாளில் எழுதி வைத்திருந்தேன். போகட்டும், தூக்கம் மட்டும் சொல்கிறேன். 3 வயதிலிருந்து 5 வயது வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து, நாளுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். 6 வயதிலிருந்து 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம். பள்ளி திறப்பதற்கு முந்திய இரவு திடீரென்று சீக்கிரம் படு என்றால் எந்தப் பிள்ளையும் படுக்காது. இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே, சில நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னதாகப் படுக்கையைப் போடுங்கள்.

வாசலில் விடைபெறுவது பற்றி ஒரே வார்த்தை. பிள்ளை வேறு பக்கம் பார்க்கும் நேரத்தில் நழுவிப் போகாதீர்கள். அப்படிப் போனால் மறுநாள் உங்கள் கையை விடவே விடாது. "சாயங்காலம் மணி அடித்ததும் வருவேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அழுதாலும் நடந்துவிடுங்கள். போன பிறகு ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க வேண்டாம். நாங்கள் அரும்பாடுபட்டு அடக்கிய அழுகை உங்கள் தலையைக் கண்டதும் மறுபடி தொடங்கும். மணி அடிக்கும்போது மட்டும் கட்டாயம் வாசலில் நில்லுங்கள், ஐந்து நிமிடம் முன்னதாகவே. வணக்கம்.