பலகை ஏறிய பிறகுதான் ஆள் ஏற வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

குறுவை அறுவடை முடிந்து வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் கிடைக்கும் இந்தச் சில வாரங்களில்தான் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கூரை வேலை மும்முரமாக நடக்கிறது. அரவை மில்லில் ஒழுகுகிற ஷீட்டை மாற்றுகிறார்கள். மாட்டுக் கொட்டகையில் கீற்றைப் பிரித்துவிட்டு சிமெண்ட் ஷீட் போடுகிறார்கள். வீட்டு வாசலில் சார்ப்பு இறக்குகிறார்கள். வெல்டரும் அவருக்கு உதவியாக வந்த தம்பியும் மூங்கில் ஏணியைச் சாய்த்து மேலே ஏறுவதை இன்று நீங்கள் போகிற வழியில்கூடப் பார்த்திருக்கலாம். கட்டுமானத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில், அவர்கள் இருவரும் ஏறிய ஏணி வழியாகவே இறங்க வேண்டும் என்பதற்காகச் சில செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன்.

கூரை வேலைக்காரர்களிடையே ஒரு நம்பிக்கை இருக்கிறது. "போல்ட் வரிசையைப் பார்த்துக் கால் வைத்தால் ஷீட் உடையாது" என்பார்கள். மேஸ்திரி புதிதாக வந்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே இதுதான். போல்ட்டுக்கு அடியில் பர்லின் சட்டம், அதாவது ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம் இருக்கிறது, ஆகவே அங்கே பாரம் தாங்கும் என்பது கணக்கு. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் அகலம் உள்ளங்கை அளவுதான் இருக்கும். சரிவான கூரையில், கையில் டிரில்லிங் மெஷினோ ஷீட்டோ பிடித்துக்கொண்டு, உள்ளங்கை அகலக் கோட்டின் மேல் நாள் முழுக்க நடக்க யாரால் முடியும்? ஒரு முறை தடுமாறினால் கால் பக்கவாட்டில் போகும். அங்கே அடியில் சட்டம் இல்லை. கூரையிலிருந்து விழுந்து பிழைத்தவர்களிடம் கேட்டால், "போல்ட் வரிசையில்தான் ஐயா நடந்தேன்" என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த முறையே தவறு.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்திருக்கிறேன். நம் பகுதியில் தலைமுறை தலைமுறையாக வேயப்பட்டது கீற்றுக்கூரை. கீற்று வேய்பவர் மூங்கிலின் மேலும் சவுக்குக் கழியின் மேலும் கால் பதித்து நடந்தார். பாதம் கழியைத் தொட்டு உணர்ந்தது. கழி வலுவிழந்திருந்தால் முதலில் நெளிந்தது, முனகியது. காலை எடுத்துக்கொள்ள நேரம் கிடைத்தது. சிமெண்ட் ஷீட் அப்படியல்ல. அது வளைந்து எச்சரிக்காது. அப்பளம் நொறுங்குவதுபோல் ஒரே நொடியில் விட்டுவிடும். நான்கு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறவர் தரையைத் தொட ஒரு நொடிகூட ஆகாது; தொடும்போது அவருடைய வேகம் மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். கீற்றுக்குப் பழகிய காலை ஷீட்டின் மேல் வைக்கிறோம். கூரை மாறிவிட்டது, நடை மாறவில்லை.

கூரை மாறியதற்கு நல்ல காரணங்கள் இருந்தன. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக்கூரையை அகற்ற அரசு உத்தரவிட்டது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது குடிசைகளின் கூரைகள் பறந்துபோயின. தீக்கும் காற்றுக்கும் அஞ்சி மக்கள் ஷீட்டுக்கு மாறியதை யாரும் குறை சொல்ல முடியாது. மாறும்போது பல இடங்களில் கீற்றுக்காகக் கட்டிய பழைய சவுக்குச் சட்டத்தையே வைத்துக்கொண்டு அதன் மேல் ஷீட்டைப் பரப்பிவிட்டார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். ஆறு மில்லிமீட்டர் தடிமனுள்ள சிமெண்ட் ஷீட்டுக்குத் தாங்கு சட்டங்களின் இடைவெளி 1.4 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய விதி. பழைய சட்டத்தில் ஓரிடத்தில் இரண்டடி, இன்னோரிடத்தில் ஆறடி என்று இடைவெளி விட்டிருக்கும். கரையான் அரித்த கழி வெளியே தெரியாது. கடலோர ஊர்களில் உப்புக்காற்று பட்டு, ஷீட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் ஜே போல்ட்டின் கழுத்து இற்றுப்போய் மேலே நட்டு மட்டும் பார்வைக்கு நிற்கும்.

ஷீட்டுக்கும் வயது உண்டு. வெயிலிலும் மழையிலும் பல ஆண்டுகள் கிடந்த ஷீட் புதிய ஷீட்டின் பலத்தோடு இருக்காது. ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தால் அதன் மேல் பாசி படர்ந்து மூடியிருக்கும். ஒழுகலை அடைக்கத் தார் பூசியிருந்தால் விரிசல் சுத்தமாக மறைந்துவிடும். பாசியே வழுக்கும், மார்கழி, தை மாதத்தில் காலைப் பனி அதன் மேல் இறங்கியிருந்தால் சொல்லவே வேண்டியதில்லை. வெயில் ஏறி ஷீட் காய்ந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள் என்று மேஸ்திரிகளை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

எல்லாவற்றையும்விட என்னைக் கலங்க வைப்பது அரிசி ஆலைகளின் கூரைதான். ஆலைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால், வெளிச்சத்துக்காக இடையிடையே வைத்த ஃபைபர் ஷீட்டுகள் மங்கலாகவாவது ஒளிவிடும். அதே கூரையின் மேல் ஏறிப் பாருங்கள். தவிட்டுத் தூசியும் உமிச் சாம்பலும் படிந்து, சிமெண்ட் ஷீட் எது, ஃபைபர் ஷீட் எது என்று கண்ணுக்குத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே அலை, ஒரே சாம்பல் நிறம். வெயில் பட்டுப் பட்டு நொய்ந்துபோன அந்த ஃபைபர் ஷீட் ஒரு சிறுவனைக்கூடத் தாங்காது. அதன் அடியிலோ வெறும் தரை இல்லை. எலிவேட்டரும் பெல்ட்டும் ஓடிக்கொண்டிருக்கும், நெல் ஊறும் தொட்டி இருக்கும். அதனால் ஆலை உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆள் மேலே ஏறுவதற்கு முன், கீழே நின்று ஃபைபர் ஷீட் எந்த வரிசையில் எத்தனையாவதாக இருக்கிறது என்று எண்ணித் தாளில் படம் போட்டு அவர் கையில் கொடுங்கள். வேலை நடக்கும் இடத்துக்கு நேர் கீழே இயந்திரத்தை நிறுத்துங்கள். சுற்றிலும் கயிறு கட்டி, மேலே வேலை முடியும்வரை யாரும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடைந்த ஷீட்டும் நழுவிய ஸ்பேனரும் கீழே நிற்கிறவர் தலையில்தான் விழும்.

சரி, எப்படித்தான் வேலை செய்வது?

மேலே ஏறாமலே செய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள். மாட்டுக் கொட்டகை, வீட்டுச் சார்ப்பு போன்ற தாழ்ந்த கூரைகளில் கீழே சாரம் கட்டி, அதன் மேல் நின்றுகொண்டு ஷீட்டைக் கீழிருந்தே தள்ளி ஏற்றி, ஓரத்திலிருந்து போல்ட் போட்டுவிடலாம். ஒரு ஷீட் மட்டும் மாற்றுவதாக இருந்தாலும் இதுதான் நல்ல வழி.

ஏறித்தான் தீர வேண்டும் என்றால் பலகை வேண்டும். அகலம் இரண்டடியாவது இருக்கட்டும். நீளம் குறைந்தது மூன்று பர்லின் சட்டங்களின் மேல் படிய வேண்டும். இடைவெளி 1.4 மீட்டர் என்றால் மூன்று சட்டங்களைத் தொட 2.8 மீட்டர் ஆகிறது. இரு முனையிலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டியதையும் சேர்த்தால் மூன்று மீட்டருக்கு மேல் வேண்டும். கால் வழுக்காமல் இருக்கக் குறுக்கே ரீப்பர், அதாவது மெல்லிய மரச்சட்டம் அடித்திருக்க வேண்டும். சரிவில் பலகை நழுவாதபடி முகட்டில் கொக்கி மாட்டியோ கயிறு கட்டியோ நிறுத்த வேண்டும். முக்கியமானது இன்னொன்று: ஒரு பலகை போதாது. ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டால் அதை நகர்த்துவதற்காக ஆள் ஷீட்டின் மேல் கால் வைப்பார். அந்த அரை நிமிடத்தில்தான் விழுவார். இரண்டு பலகை இருந்தால் ஒன்றில் நின்றுகொண்டு மற்றொன்றை நகர்த்தலாம்.

பல ஊர்களில் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு "பாதுகாப்பாகத்தான் இருக்கிறேன்" என்கிறார்கள். விழும்போது உடலின் முழு எடையும் அந்தக் கயிற்றின் வழியாக இடுப்பையும் வயிற்றையும் இறுக்கும். முதுகெலும்பு முறியலாம், ஈரல் கிழியலாம். மார்பு, தோள், தொடை எல்லாவற்றையும் சுற்றி வரும் முழு உடல் பெல்ட்தான் வேண்டும். அதன் கயிற்றை ஷீட்டின் போல்ட்டில் மாட்டக் கூடாது. கூரை முழுவதையும் தாங்கும் முக்கோணச் சட்டமான ட்ரஸ்ஸில் மாட்ட வேண்டும். ஆனால் பெல்ட் ஒன்றையே நம்பிவிடாதீர்கள். கயிறு இரண்டு மீட்டர், அதிர்வைத் தாங்கும் பகுதி விரிவதற்கு இன்னும் ஒன்றரை மீட்டருக்கு மேல், தொங்குகிறவரின் உடல் நீளம் என்று கூட்டினால், கால் மட்டத்தில் மாட்டிய பெல்ட் காப்பாற்றுவதற்கு ஐந்து, ஆறு மீட்டர் வெற்றிடம் தேவைப்படும். நம் ஊர்க் கொட்டகையின் உயரம் நான்கு மீட்டர். பெல்ட் இழுத்து நிறுத்துவதற்குள் அவர் தரையில் மோதிவிடுவார். தாழ்ந்த கூரைக்கு அடியில் சாரமும், உயர்ந்த கூரைக்கு அடியில் பாதுகாப்பு வலையும் வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஏணி விஷயத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி என்ற கணக்கில் ஏணியின் அடி தள்ளி நிற்க வேண்டும். தலைப்பகுதி கூரை விளிம்புக்கு மேல் மூன்றடி நீண்டிருக்க வேண்டும், விளிம்பில் கட்டியிருக்க வேண்டும். வீட்டுக்கு வரும் மின்கம்பி பெரும்பாலும் கூரை விளிம்பை ஒட்டித்தான் வருகிறது. அங்கே இரும்பு ஏணியைக் கொண்டுபோகாதீர்கள்.

புதிய ஷீட் போடும்போது துளையைச் சுத்தியலால் அடித்துப் போடாமல் டிரில்லிங் மெஷினால் அலையின் மேட்டில் போடுங்கள். எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்குத் துளை பத்து மில்லிமீட்டர் இருக்கட்டும். நட்டை ஒரேயடியாக முறுக்காதீர்கள். ஷீட்டுக்கு விரிந்து சுருங்க இடமில்லாமல் இறுக்கினால் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் விழும். இன்று போட்டவர் விட்டுச்சென்ற விரிசலில்தான் பத்தாண்டு கழித்துப் பழுது பார்க்க வருகிறவர் கால் வைப்பார்.

தூசியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பழைய சிமெண்ட் ஷீட்டுகள் பெரும்பாலும் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் கலந்தவை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை கல்நாரின் எல்லா வகைகளையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியிருக்கிறது. கட்டிங் மெஷினால் ஷீட்டை அறுக்கும்போது எழும் வெண்புகை போன்ற தூசியில் கண்ணுக்குத் தெரியாத நார்கள் இருக்கின்றன. அவை நுரையீரலில் தங்கி, இருபது முப்பது ஆண்டுகள் கழித்து நோயாக வெளிப்படலாம். வாயில் கட்டிய துண்டு அந்த நாரைத் தடுக்காது. ஷீட்டை நனைத்துக் கைவாளால் அறுங்கள், அதற்கு உரிய முகமூடி அணியுங்கள், தூசியை ஈரத்துணியால் துடையுங்கள். அந்தச் சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்து உதறித் துவைக்க வேண்டாம். துவைக்கும் மனைவியின் மூச்சிலும் அது போகும். உடைந்த துண்டுகளை வாய்க்கால் கரையில் கொட்டுவதையும் கோழிக்கூண்டுக்கு மறைப்பாக வைப்பதையும் நிறுத்துங்கள்.

பலகை, பெல்ட், முகமூடி இவற்றுக்கெல்லாம் யார் பணம் தருவது? இதில் என் கருத்து உறுதியானது. வேலை கொடுக்கிறவர்தான் தர வேண்டும். நாள் கூலிக்கு வருகிற தம்பி ஸ்பேனரும் கயிறும் கொண்டு வருவார். மூன்று மீட்டர் பலகை இரண்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வர மாட்டார். "ஒரே ஒரு ஷீட்தானே தம்பி, அரை மணி நேர வேலை" என்று முதலாளி சொல்லும்போது, "பலகை இல்லாமல் ஏற மாட்டேன் ஐயா" என்று பதில் சொல்லும் நிலையில் அவர் இல்லை. சொன்னால் அடுத்த ஆளுக்கு வேலை போய்விடும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகள், உடையக்கூடிய கூரையின் மேல் தகுந்த ஏணியோ குறுக்குச் சட்டப் பலகையோ இல்லாமல் ஆளை ஏற்றக் கூடாது என்று ஆலை நிர்வாகத்தின் மேல்தான் பொறுப்பைச் சுமத்தின. காண்ட்ராக்டரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டோம் என்று கைகழுவவும் முடியாது. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம், ஆலையின் வேலைக்குக் காண்ட்ராக்டர் அழைத்து வந்த தொழிலாளிக்கும் ஆலை உரிமையாளரையே பொறுப்பாக்கியது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் இன்னும் பதிவு செய்யாதவர்கள் இந்த மழைக்கு முன் பதிவு செய்துகொள்ளுங்கள். விபத்து நேர்ந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை கிடைக்கும்.

கடைசியாக, யாராவது விழுந்துவிட்டால் கை காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் ஏற்றாதீர்கள். கழுத்தோ முதுகெலும்போ முறிந்திருந்தால், அப்படித் தூக்குவதாலேயே கை கால் நிரந்தரமாகச் செயலிழந்து போகலாம். 108க்கு அழையுங்கள். தலையும் கழுத்தும் அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். இரத்தம் கொட்டினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள், குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். உடைந்த கூரையைப் பார்க்க வேறு யாரும் மேலே ஏறாமல் ஏணியை எடுத்துவிடுங்கள்.

நன்றி. வணக்கம்.