பாரத்தை இறக்கிய பிறகும் கை ஏன் மேலேயே இருக்கிறது? | கோத்தகிரியில் ஒரு காலை

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். காற்று கொஞ்சம் அடிக்கிறது, சத்தம் சரியாகக் கேட்கிறதா தெரியவில்லை. மணி ஐந்தே முக்கால். பின்னால் தெரிகிற வெளிச்சம் எங்கள் அடுப்படி விளக்கு. உள்ளே உட்கார்ந்து பேசலாம் என்றால் வீட்டுக்காரர் தூங்குகிறார். நேற்று இலை லோடு இறக்கிவிட்டு வரவே ராத்திரி பதினொன்றாகிவிட்டது. அதனால் வாசல் திண்ணை, ஒரு சால்வை, பால் விடாத ஒரு பிளேன்டீ. ஆமாம், பிளேன்டீதான். எங்கள் வீட்டில் இன்னும் சிலோன் பேச்சு போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டாள். காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிறவள். "அக்கா, கன்வென்ஷன் கூட்டத்தில் எல்லோரும் போனார்கள் என்று நானும் முன்னால் போய் என்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். அழுதேன்கூட. மூன்று வாரத்தில் பழையபடி ஆகிவிட்டேன். அப்படியென்றால் அன்றைக்குக் கொடுத்தது பொய்யா?" என்று கேட்டாள். அப்போது, "பொய் இல்லைம்மா, ஜெபம் பண்ணிக்கொள்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது பதிலே இல்லை என்று உறைத்தது. அதனால் இன்று அதைத்தான் பேசப்போகிறேன்.

முதலில் என் அப்பாயியை, அதாவது அப்பாவின் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிலோன் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள் இல்லையா, அதில் வந்த குடும்பம் எங்களுடையது. அப்பாயி சிலோனில் அட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். 1971-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் இங்கே டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டி. உள்ளே இரண்டு சேலை, ஒரு பித்தளைச் செம்பு, அட்டை பிய்ந்த ஒரு வேதாகமம். அப்பாயிக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஒரு சங்கீதம் படிக்க ஒரு டீ ஆறிவிடும்.

சிலோனில் கொழுந்துக் கூடையைத் தோளில் மாட்ட மாட்டார்கள். கூடைக் கயிற்றைத் தலையில் போட்டு, கூடையை முதுகில் தொங்கவிடுவார்கள். எட்டு வயதிலிருந்து அப்படிச் சுமந்து சுமந்து, அப்பாயியின் உச்சந்தலையில் கயிறு பட்ட இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு முடியே கிடையாது. சின்ன வயதில் அந்தப் பள்ளத்தில் நான் விரல் வைத்துப் பார்ப்பேன். வழவழவென்று இருக்கும். இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது. வேலையிலிருந்து நின்று பல வருஷம் ஆன பிறகும், மேட்டில் ஏறும்போது அவள் வலது கை தானாக நெற்றிக்கு மேலே போய் இல்லாத கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். பின்னால் கூடை கிடையாது, ஒன்றும் கிடையாது. கை மட்டும் மேலே. நாங்கள் கேலி பண்ணுவோம். அவளும் சிரித்துவிட்டுக் கையை இறக்குவாள். பத்து அடி நடப்பதற்குள் மறுபடி மேலே போய்விடும்.

அந்தப் பிள்ளைக்கு நான் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். நீ அன்றைக்குக் கூடையை இறக்கியது நிஜம். கை மட்டும் பழக்கத்தில் திரும்ப மேலே போகிறது. அதைப் பார்த்துவிட்டு, இறக்கவே இல்லையோ என்று பயப்படுகிறாய்.

நம் தமிழ் வேதாகமத்தில் சங்கீதம் 55:22, "கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு." எத்தனை தடவை படித்திருப்போம்! "வை" என்று இல்லை, "வைத்துவிடு" என்று இருக்கிறது. 1 பேதுரு 5:7-லும் அப்படியே, "உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்." சாவியை மேசை மேல் வை என்றால் திரும்ப எடுப்போம். வைத்துவிடு என்றால் விட்டுவிட்டு வர வேண்டும். நான் பெரும்பாலும் வைப்பேன், விட மாட்டேன். சங்கீதம் 37:5-ல் "உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவித்து" என்று இருக்கிறதே, அங்கே எபிரெயுவில் உள்ள சொல்லுக்கு உருட்டுவது என்று அர்த்தம். யாக்கோபு கிணற்றின் வாயிலிருந்த கல்லைப் புரட்டினான் என்று ஆதியாகமம் 29-ல் வருகிற அதே வினைச்சொல். கையால் தூக்க முடியாததைத்தான் உருட்டுவோம். எடை போடுகிற இடத்தில் இலைச் சாக்கை நான் தராசு வரைக்கும் உருட்டித்தான் கொண்டுபோகிறேன், அதனால் இந்த வசனம் எனக்கு நன்றாகப் புரிகிறது.

அப்புறம், தினமும் என்கிற விஷயம். சிலுவையை எடுத்துக்கொண்டு பின்பற்றச் சொல்கிற வசனம் மத்தேயு 16:24-லும் இருக்கிறது, மாற்கு 8:34-லும் இருக்கிறது. ஆனால் லூக்கா 9:23-ல் மட்டும்தான் "அனுதினமும்" என்ற சொல் வருகிறது. அந்த ஒரு சொல் எனக்கு ஆறுதல். நேற்று எடுத்தது நேற்றோடு சரி, இன்று மறுபடி எடுக்க வேண்டும் என்று ஆண்டவருக்கே தெரிந்திருக்கிறது. மூன்று வாரத்தில் பழையபடி ஆனது அவருக்கு ஒன்றும் அதிர்ச்சி இல்லை.

ஒரு நிமிடம்... கீழே டீச்செடிக்குள் காட்டுமாடு. தெரிகிறதா? கறுப்பாக, கேட்டுக்குப் பக்கத்தில். சரி, குரலைக் குறைத்துக்கொள்கிறேன். அது பாட்டுக்குப் போகட்டும்.

என்ன சொன்னேன்... ஆமாம். ஒப்புக்கொடுப்பதற்கு நாம் ஏன் பயப்படுகிறோம் என்றும் சொல்ல வேண்டும். ஞாயிறு பள்ளியில் எங்களுக்கு ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் கதை சொல்வார்கள். அயர்லாந்திலிருந்து 1895-ல் இந்தியாவுக்கு வந்து, திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் எத்தனையோ பிள்ளைகளை வளர்த்தவர். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனபோது, இருட்டில் அங்கே வெட்டியிருந்த குழியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அதன் பிறகு 1951 ஜனவரியில் மறையும் வரைக்கும் பெரும்பாலும் டோனாவூரில் ஒரே அறைதான், படுக்கைதான். அங்கிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார். தனக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்கிற தொட்டி ஒன்றை வைத்தார்கள். டீச்சர் இதைச் சொல்லிக் கண்கலங்குவார். எனக்கு வயது ஒன்பது. என் மனதில் பட்டது ஒன்றுதான்: முழுசாக ஒப்புக்கொடுத்தால் ஆண்டவர் காலை உடைத்துவிடுவார் போல! ரொம்ப வருஷம் அந்தப் பயம் இருந்தது. "உம்முடைய சித்தம்" என்று சொல்லும்போதே உள்ளுக்குள் ஒரு நடுக்கம் வரும். இப்போது அதே கதையைப் படித்தால் கண் அந்தக் குழியில் நிற்பதில்லை, அந்த அறைக்குள் போகிறது. வலியோடு, தூக்கம் இல்லாமல், ஒவ்வொரு நாளும் அவர் என்ன சொல்லி எழுந்திருப்பார்? கன்வென்ஷன் மேடையில் ஒரு ராத்திரி சொல்வதை அவர் ஏறக்குறைய இருபது வருஷம் காலைதோறும் சொல்லியிருக்க வேண்டும்.

நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எங்களுக்கு அறுபது சென்ட் தோட்டம். போன வாரம் நல்ல மழை. ஐப்பசி, கார்த்திகை என்றால் கோத்தகிரிப் பக்கம் விடாதே. நனைந்த இலை. எங்கள் தராசில் 38 கிலோ நின்றது. இலை வாங்குகிறவர் ஈரத்துக்குக் கழித்து 31 என்று எழுதினார். ஈரத்துக்குக் கழிப்பது வழக்கம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஏழு கிலோவா? சண்டை போட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் பரமண்டல ஜெபம் சொல்லும்போது, "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடத்தில் எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்காரர் மட்டும் சொல்லிக்கொண்டு போனார். பக்கத்து வீட்டில் சீரியல் சத்தம் வேறு.

"எல்லாம் ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கணக்குக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் இருந்துவிட்டு அதற்கு ஒப்புக்கொடுத்தல் என்று பேர் வைத்தால், அது சோம்பல், இல்லாவிட்டால் பயம். மறுநாள் போய், "எத்தனை கிலோவுக்கு எவ்வளவு கழிக்கிறீர்கள், ரசீதில் எழுதிக் கொடுங்கள்" என்றேன். மூன்று கிலோவைத் திருப்பிச் சேர்த்தார். நான் ஒப்புக்கொடுக்க வேண்டியிருந்தது என் கசப்பை. ராத்திரி முழுக்க அந்த ஆளை மனதுக்குள் வைத்துத் திட்டிக்கொண்டே கிடந்தேனே, அதை. அது இன்னும் முழுசாகப் போகவில்லை. அவருடைய பைக் சத்தம் கேட்டாலே வயிற்றில் ஏதோ செய்கிறது. தினமும் அவர் பேரைச் சொல்லி ஜெபிக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

என் காலைப்பொழுது எப்படி என்று பார்த்தால், பெரிதாக ஒன்றும் இல்லை. ஐந்து மணிக்கு எழுந்து, அடுப்புப் பற்றவைக்கும் முன்னால் ஒரு சங்கீதம். ஒரு நாளைக்கு ஐந்து என்று படித்தால் மாதத்தில் 150-ம் முடியும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. முயற்சி பண்ணினேன், ஓடுகிற பஸ்ஸில் ஏறினது மாதிரி இருந்தது. இப்போது ஒன்றுதான், இரண்டு தடவை. 119 வந்தால் ஒரு வாரம் அதிலேயே இருப்பேன், 176 வசனம் ஆயிற்றே. அப்புறம் அன்றைக்கு எது கனக்கிறதோ அதை இலை ரசீதின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதி, வேதாகமத்துக்குள் சொருகிவிடுவேன். நீண்ட ஜெபம் எனக்கு வராது. முழங்கால் போட்டால் தூக்கம்தான் வருகிறது.

இந்த வாரம் எல்லா ரசீதிலும் ஒரே வரி. என் பையன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. ஆறு மாதமாகச் சபைக்குப் போவதில்லை. கேட்டால், "லீவு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான்மா, தூங்க விடு" என்கிறான். நான் காலையில் அவனை ஆண்டவர் கையில் கொடுப்பேன், எட்டு மணிக்குப் போன் பண்ணுவேன். சாப்பிட்டாயா? ஜெபம் பண்ணினாயா? மத்தியானம் ஒன்று. சாயங்காலம் இரண்டு. ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், ஆறு தடவை கூப்பிட்டிருக்கிறேன். அவன் எடுத்தது ஒரே தடவை. அப்பாயியின் கை ஞாபகம் வந்தது.

அதனால் திங்கட்கிழமையிலிருந்து ஒரு தீர்மானம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு போன், ராத்திரி ஏழரைக்கு, அவன் ஷிப்ட் முடிந்த பிறகு. சபை பற்றிப் பேச்சே கிடையாது. சாப்பாடு, குளிர், கம்பெனி, அவ்வளவுதான். திங்கள் ஒழுங்காக இருந்தேன். செவ்வாய் பதினொரு மணிக்குப் போனைக் கையில் எடுத்து, நம்பர் வரைக்கும் போய், கீழே வைத்தேன். நேற்று தோற்றுவிட்டேன். மத்தியானமே கூப்பிட்டுவிட்டேன். "என்னம்மா, இன்னைக்கு முன்னாடியே?" என்று சிரித்தான்.

காட்டுமாடு போய்விட்டது. வெளிச்சமும் வந்துவிட்டது. அதோ இலை எடுக்கிறவர்கள் மேட்டில் வருகிறார்கள், நான் இலை வெட்டுகிற கத்தரியை எடுக்க வேண்டும், சாக்கை உதற வேண்டும். இப்போது மணி ஆறரை. ஏழரைக்கு இன்னும் பதின்மூன்று மணி நேரம் இருக்கிறது. போனை உள்ளே அரிசி டின்னுக்கு மேலே வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போகிறேன். வைத்துவிட்டு!

சரி, வருகிறேன். ஸ்தோத்திரம்.