ஸ்டெஃபி கிராஃபின் கால்கள்

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

டென்னிஸ் வீராங்கனை ஸ்டெஃபி கிராஃப் என்றதும் எல்லோரும் அந்த ஃபோர்ஹேண்ட் அடியைத்தான், அதாவது மட்டை பிடித்த கைப்பக்கம் வரும் பந்தை அடிக்கிற அடியைத்தான், சொல்வார்கள். அடித்தால் பந்து எந்தப் பக்கம் போனதென்று எதிராளி திரும்பிப் பார்ப்பதற்குள் பாயிண்ட் முடிந்திருக்கும், வாஸ்தவம்தான். ஆனால் நான் மேலூர்ப் பக்கம் பெண் பிள்ளைகளுக்குப் பூப்பந்து சொல்லிக்கொடுத்தே தலை நரைத்த பி.டி. டீச்சர். என் கண் ஆடுகிறவர் கையில் நிற்காது, காலுக்குப் போய்விடும்.

ஸ்டெஃபி 1969-ல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் பிறந்தவர். அப்பா பீட்டர் கிராஃப் மட்டையின் கைப்பிடியை அறுத்துக் குட்டையாக்கி, வீட்டுக் கூடத்திலேயே மகளை ஆடவிட்டார். அப்போது நாலு வயசு வாக்கில் இருக்கும். 13 வயசில், 1982-ல், தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். முதல் ஆட்டத்தில் டிரேசி ஆஸ்டினிடம் தோல்வி. பாயிண்டுகள் சேர்ந்தால் ஒரு கேம், கேம்கள் சேர்ந்தால் ஒரு செட்; இரண்டாவது செட்டில் அவருக்கு ஒரு கேம்கூடக் கிடைக்கவில்லை. 1987-ல் மார்ட்டினா நவரத்திலோவாவை வென்று பிரெஞ்சு ஓப்பனை எடுத்தார். மறுவருஷம், 1988-ல், கிராண்ட்ஸ்லாம் என்கிற நான்கு பெரிய போட்டிகளின் பட்டங்களையும் சியோல் ஒலிம்பிக் தங்கத்தையும் ஒரே ஆண்டில் வாங்கினார். ஒற்றையர் ஆட்டத்தில் ஐந்தையும் ஒரே வருஷத்தில் வென்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

சரி, காலுக்கு வருகிறேன். வலது கைக்காரருக்கு இடப்பக்கம் பந்து வந்தால் பேக்ஹேண்டில், அதாவது புறங்கை முன்னே வர, அடிக்க வேண்டும். ஸ்டெஃபியின் பேக்ஹேண்ட், பந்தைச் சீவி தாழ அனுப்பும் ஸ்லைஸ். ஆபத்தில்லாத அடி, ஆனால் பாயிண்டைப் பறிக்கிற அடி இல்லை. அதனால் அவர் என்ன செய்வார்? பந்துக்கு இடப்பக்கமாகச் சுற்றி ஓடிப்போய், அதையே ஃபோர்ஹேண்டாக மாற்றி அடித்துவிடுவார். கேட்க லேசாக இருக்கிறது. அப்படி ஓடினால் வலப்பக்கம் முழுக்கக் காலி மைதானம். எதிராளி அங்கே தட்டிவிட்டால் திரும்ப ஓடிவர வேண்டும். அந்த ஓட்டம் இருந்ததால்தான் அந்த அடி இருந்தது. டிவியில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், எதிராளி மட்டையை ஓங்கும்போதே இவர் குதிகாலைத் தரையில் வைக்காமல் சின்னச் சின்ன அடியாகத் தத்திக்கொண்டிருப்பார்.

எங்கள் ஊர்ச் சிலம்ப வாத்தியார் கம்பைக் கையில் கொடுக்க மாதக்கணக்காகும். "காலடி வரட்டும், கம்பு தானா வரும்" என்பார். நானும் பூப்பந்து மட்டையை அறையில் பூட்டிவைத்துவிட்டு, பிள்ளைகளை வெறுங்கையோடு குறுக்கும் நெடுக்கும் ஓடவிடுவேன். "என்ன டீச்சர், மட்டையே தரமாட்டேங்கிறீங்க" என்று முனகுவார்கள். முனகட்டும். நின்ற இடத்தில் நின்று கையை மட்டும் நீட்டுகிற பிள்ளை நல்ல பந்தையும் கோட்டைவிடும். மறுபடியும் சொல்கிறேன், கால் முதலில்.

1993 விம்பிள்டன் இறுதி ஆட்டம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம். வீட்டில் ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பித் திருப்பி வைத்துத்தான் பார்த்தோம். மூன்றாவது, கடைசி செட்டில் எதிராளி யானா நோவோட்னா கேம் கணக்கில் 4-1 முன்னிலை. இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் 5-1. பக்கத்து வீட்டு அக்கா, "முடிஞ்சு போச்சு டீச்சர், சோத்தைப் போடுங்க" என்று எழுந்தே போய்விட்டார். நோவோட்னா டபுள் ஃபால்ட் செய்தார், அதாவது சர்வீஸ் போடக் கிடைத்த இரண்டு வாய்ப்பையும் தவறவிட்டு பாயிண்டை இழந்தார். அதற்குப் பிறகு அவர் கால் நகரவில்லை என்பேன் நான். மனம் பயந்தால் முதலில் மரத்துப்போவது கால்தான். ஸ்டெஃபி அந்த நேரத்திலும் அதே வேகநடையில் அடுத்த பந்துக்குப் போய் நின்றார். வரிசையாக ஐந்து கேம், 6-4, கோப்பை. பரிசளிப்பில் நோவோட்னா பிரிட்டிஷ் அரச குடும்பத்துக் கென்ட் சீமாட்டியின் தோளில் சாய்ந்து அழுததை உலகமே பார்த்தது. அவரும் 1998-ல் அந்தக் கோப்பையை வாங்கிவிட்டார், அது எனக்குப் பெரிய சந்தோஷம்.

அதே 1993 ஏப்ரலில் ஹாம்பர்க்கில் நடந்ததையும் சொல்லாமல் இருக்க முடியாது. அப்போது உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த வீராங்கனை மோனிகா செலஸை, ஸ்டெஃபியின் ரசிகன் என்று சொல்லிக்கொண்ட ஒருவன் ஆட்ட இடைவேளையில் முதுகில் கத்தியால் குத்தினான். செலஸுக்கு 19 வயசு; அதற்குள் 8 கிராண்ட்ஸ்லாம் வென்றிருந்தார். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆடவே வரவில்லை. ஸ்டெஃபியின் 22 கிராண்ட்ஸ்லாம் பட்டங்களை எண்ணுகிறவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும். ஸ்டெஃபி மேல் குற்றமில்லை. ஆனால் கணக்கு என்றால் முழுக்கணக்கு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். அப்பாவின் வரி வழக்கு, சிறை, அந்தத் தலைவலிக்கு நடுவிலும் அவர் வென்ற பட்டங்கள் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். 1999 பிரெஞ்சு ஓப்பனில், 30 வயசைத் தொடும் நேரத்தில், மார்ட்டினா ஹிங்கிஸுக்கு முதல் செட்டை விட்டுக்கொடுத்துப் பிறகு வென்றார். அதே வருஷம் ஆகஸ்டில் ஓய்வு. மொத்தம் 377 வாரம் தரவரிசையில் முதலிடம். அப்புறம் டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாசியுடன் கல்யாணம், இரண்டு பிள்ளைகள்.

1998 ஆஸ்திரேலிய ஓப்பனின் பிரதான சுற்றில் ஓர் ஆட்டம் வென்ற நம் கோயம்புத்தூர் நிருபமா வைத்தியநாதனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். நிலையத்தார் இன்னொரு நாள் கூப்பிட்டால் அதைப் படிக்கிறேன். வணக்கம்.