நிலாவிடம் பேசும் குரல்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கடந்த ஒரு மாதத்தில் கேட்ட பாடல்களில் எனக்குப் பிடித்தவற்றைப் பற்றிப் பேசும்படி அழைத்திருக்கிறார்கள். கேட்டது ஏராளம். நாகஸ்வரம் கேட்டேன், தேவாரம் கேட்டேன், புதிதாக வந்த படப் பாடல்களையும் விடவில்லை. ஆனாலும் இரவில் விளக்கை அணைத்த பிறகு நான் மறுபடி மறுபடி தேடிப் போனவை ஐந்தே பாடல்கள். ஐந்தும் பெண் குரலில் தனித்து ஒலிப்பவை. ஐந்திலும் ஒருத்தி தனிமையில் இருக்கிறாள். பதில் சொல்ல வாயில்லாத ஒன்றோடு அவள் பேசுகிறாள். அல்லது கண்ணுக்குத் தெரியாத ஒன்று அவளோடு பேசுகிறது. இவற்றைத் திட்டமிட்டு நான் பொறுக்கவில்லை. கேட்கக் கேட்கத்தான் இந்த ஒற்றுமை பிடிபட்டது.

முதலில் ‘நாளை இந்த வேளை பார்த்து ஓடி வா நிலா’. 1968-இல் வந்த ‘உயர்ந்த மனிதன்’ படப் பாடல். வாலி எழுத, எம்.எஸ்.விஸ்வநாதன் இசையமைக்க, பி.சுசீலா பாடியது. சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது முதன்முதலாக வழங்கப்பட்டது இந்தப் பாடலுக்குத்தான். விருதை மறந்துவிட்டுக் கேளுங்கள். தலைவன் அருகில் இல்லாத இரவு. நிலா வந்து நிற்கிறது. இன்று அவர் இல்லை, போய்விட்டு நாளைக்கு இதே நேரம் வா என்கிறாள். பிரிவுத் துயரைப் பாடும்போது நிலவைச் சுடுகிறது என்று ஏசுவது நம் கவிஞர்களின் பழைய வழக்கம். இவள் ஏசவில்லை. வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் வந்த உறவினரை முகம் கோணாமல் வழியனுப்பும் பக்குவம் சுசீலாவின் குரலில் இருக்கிறது. கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை. ‘நிலா’ என்று அடி முடிகிற இடங்களில் மட்டும் ஒரு மெல்லிய குழைவு. அந்தக் குழைவுதான், இவள் நாளைக்காக எவ்வளவு ஏங்குகிறாள் என்பதைச் சொல்லிவிடுகிறது. சொற்கள் அடக்கமாகப் பேச, அடக்க முடியாததைக் குரல் பார்த்துக்கொள்கிறது.

இதைக் கேட்ட கையோடு எனக்குக் குறுந்தொகை நினைவுக்கு வந்தது. அம்மூவனார் பாடிய 163-ஆம் பாட்டில், நள்ளிரவிலும் ஓயாமல் ஒலிக்கும் கடலைப் பார்த்து, ‘யார் அணங்குற்றனை கடலே’ என்று கேட்கிறாள் தலைவி. உன்னை இப்படி வருத்தியவர் யார் கடலே என்று! தன் தூக்கமின்மையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விசாரிப்பதெல்லாம் கடலின் துயரைத்தான். தொல்காப்பியர் செய்யுளியலில் இதற்கு இடம் வகுத்தே வைத்திருக்கிறார். ஞாயிறு, திங்கள், கடல், மரம், பறவை, நெஞ்சு முதலானவை ‘சொல்லுந போலவும் கேட்குந போலவும்’ அமையலாம் என்கிறார். பேசுவது போலவும் கேட்பது போலவும். இந்த மாதம் முழுக்க என்னோடு வந்த அடி இது.

ஏட்டில் இருக்கும் கவிதையில் கடலின் பதிலை நாமேதான் கற்பனை செய்துகொள்ள வேண்டும். திரைப்பாடலில் அந்த வேலையை இடையிசை ஏற்றுக்கொள்கிறது என்று நான் நினைக்கிறேன். பல்லவி முடிந்து சரணம் தொடங்குமுன் வருகிற அந்தச் சில விநாடிகளை நம்மில் பலர் பாட்டுக்கு நடுவே வரும் ஓய்வாக நினைத்துக் கடந்துவிடுகிறோம். கேள்வி கேட்ட பெண் வாய்மூடி நிற்கும் நேரம் அது. கேட்கப்பட்ட பொருள் வாய்திறக்கும் நேரமும் அதுதான்.

‘செந்தூரப் பூவே’ பாடலை இப்படிக் கேட்டுப் பாருங்கள். 1977-இல் ‘16 வயதினிலே’ படத்துக்காகக் கங்கை அமரன் எழுதியது. பூவிடமும் காற்றிடமும் ‘என் மன்னன் எங்கே’ என்று விசாரிக்கிறாள் ஒரு கிராமத்துப் பெண். எஸ்.ஜானகிக்கு முதல் தேசிய விருதைக் கொண்டுவந்த பாடல். அந்தக் குரலில் இருக்கும் வெகுளித்தனத்தைப் பலரும் பாராட்டுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது அதன் நம்பிக்கை. பூ கட்டாயம் பதில் சொல்லும் என்று நம்பித்தான் அவள் கேட்கிறாள். இளையராஜாவின் வாத்தியங்களும் அந்த நம்பிக்கையைப் பொய்யாக்குவதில்லை.

1990-இல் வந்த ‘சத்ரியன்’ படத்தின் ‘மாலையில் யாரோ மனதோடு பேச’ பாடலில் நிலைமை தலைகீழ். இங்கே அவள் யாரையும் அழைக்கவில்லை. மாலைப் பொழுதே வந்து அவள் மனத்தோடு பேசுகிறது. எழுதியவர் அதே வாலி. நிலாவை வழியனுப்பிய பெண்ணைப் படைத்து 22 ஆண்டுகளுக்குப் பிறகு, வந்தது யாரென்று வியக்கும் பெண்ணைப் படைக்கிறார். பாடிய ஸ்வர்ணலதாவுக்கு அப்போது வயது 17. அந்த வயதில் இத்தனை நிதானம் எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு முறையும் திகைக்கிறேன். உரக்கப் பாட வாய்ப்பிருக்கும் இடத்திலும் அவர் குரலை உயர்த்துவதில்லை. நாம்தான் அவரை நோக்கிக் குனிய வேண்டியிருக்கிறது. 2010-இல், 37 வயதில், அவர் மறைந்தார். தமிழ்த் திரையிசைக்கு நேர்ந்த பேரிழப்பு அது. அதை உரத்துச் சொன்னவர்கள் அன்றைக்குக் குறைவு என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அவரே பாடிய ‘எவனோ ஒருவன் வாசிக்கிறான்’ பாடலைத்தான் இந்த மாதம் நான் மிகுதியாகக் கேட்டிருப்பேன். 2000-இல் வந்த ‘அலைபாயுதே’. வைரமுத்துவின் வரிகள், ஏ.ஆர்.ரஹ்மானின் இசை. எங்கோ இருட்டில் ஒருவன் குழல் வாசிக்கிறான், இவள் கேட்டு உருகுகிறாள். நான் சொல்லிவந்த பதில், இங்கே ஒளிவுமறைவின்றி மேடைக்கே வந்துவிடுகிறது. நவீன் குமாரின் புல்லாங்குழல் இந்தப் பாட்டில் பக்கவாத்தியம் அல்ல. அது ஒரு பாத்திரம். ஸ்வர்ணலதா ஓர் அடியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் குழல் நுழைகிறது. குழல் விலகியதும் குரல் வருகிறது. ஹெட்போனில் கேட்டால் குரலுக்கும் குழலுக்கும் நடுவே இருக்கும் காற்றுகூடக் கேட்பது போலிருக்கும்.

இதே குழலை 55 ஆண்டுகளுக்கு முன்பே ஒருத்தி கேட்டிருக்கிறாள். 1945-இல் வந்த ‘மீரா’ படத்தில் எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடிய ‘காற்றினிலே வரும் கீதம்’. கல்கியின் பாடல், எஸ்.வி.வெங்கட்ராமனின் இசை. இங்கே குழலூதுபவன் கண்ணன், கேட்பவள் மீரா, ஏக்கம் பக்தியாகிறது. பழைய ஒலிப்பதிவுக்கே உரிய இரைச்சல் இருக்கிறது. சிறிது நேரத்தில் காது அதை மறந்துவிடும். இரண்டு பாடல்களையும் அடுத்தடுத்துக் கேட்பதையே நான் பரிந்துரைப்பேன், அதுவும் புதியதை முதலிலும் பழையதைப் பிறகும்.

பெண் குரல்களைப் பற்றியே பேசிவிட்டேன். ஆண்களும் நிலவோடு பேசியிருக்கிறார்கள். ‘நிலவே என்னிடம் நெருங்காதே’ என்று கண்ணதாசன் எழுத, எம்.எஸ்.விஸ்வநாதன் இசையில் பி.பி.ஸ்ரீநிவாஸ் பாடிய பாடல், 1966-இல் வந்த ‘ராமு’ படத்தில் இருக்கிறது. அவன் நிலவை அருகில் வரவே வேண்டாம் என்கிறான். இரண்டே ஆண்டுகள் கழித்து, அதே இசையமைப்பாளரின் மெட்டில், நாளைக்கு ஓடி வா என்கிறாள் சுசீலாவின் தலைவி. அடுத்த மாதத்தை அந்த ‘ராமு’ பாடலிலிருந்து தொடங்கப்போகிறேன். நன்றி, வணக்கம்.