பதிலடிக்கு முன்னும் பின்னும்

(காங்கேயத்தில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய கூட்டத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் வட்டாட்சியர் அவர்களே, வாடகை என்று ஒரு பைசா வாங்காமல் மண்டபத்தைக் கொடுத்து, வந்தவர்களுக்கெல்லாம் மோரும் கொடுத்த மண்டப உரிமையாளர் அவர்களே, அரசு மருத்துவமனையிலிருந்து வந்திருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, அரிசி ஆலை, எண்ணெய் ஆலை உரிமையாளர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கமுங்க.

முன்வரிசையில் இருக்கும் சுபேதார் ஐயாவுக்குத் தனியாக ஒரு வணக்கம். கார்கில் மலையில் பனியில் நின்றவர். இந்தத் தலைப்பில் பேச என்னைவிடத் தகுதி அவருக்குத்தான் அதிகம். கேட்டேன். “நீங்க பேசுங்க, நான் கேக்கறேன்” என்று சொல்லிவிட்டார். அவர் எதிரில் வாய்க்கு வந்ததைப் பேசிவிட முடியாது என்கிற பொறுப்போடு பேசுகிறேன்.

ஒரு நாடு பயங்கரவாதிகளுக்குச் சோறு போட்டு, தங்க இடம் கொடுத்து, துப்பாக்கியும் கொடுத்து நம் மேல் ஏவிவிடுகிறது என்றால், அந்த நாட்டின் மேல் நாம் குண்டு போடலாமா? இதை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். ஒன்று, சட்டம் என்ன சொல்கிறது. இரண்டு, போட்டால் பலன் உண்டா. மூன்று, காங்கேயத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இதில் என்ன வேலை.

ஐ.நா. சாசனத்தின் 51-வது பிரிவு, ஆயுதத் தாக்குதலுக்கு ஆளான நாடு தற்காத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆனால் 1986-இல் நிகரகுவா நாடு அமெரிக்கா மேல் போட்ட வழக்கில் சர்வதேச நீதிமன்றம், ஒரு நாடு கலகக்காரர்களுக்கு ஆயுதம் கொடுத்து உதவியது மட்டும் அந்த நாடே நடத்திய ஆயுதத் தாக்குதல் ஆகிவிடாது என்றது. இது பெரிய விவாதம். நேரம் இருந்தால் பிறகு வருகிறேன்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருப்பி அடிக்கும் உரிமை உண்டு. 2008 மும்பையில் 166 உயிர், 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 உயிர். சுற்றுலா போனவர்களைச் சுட்டார்கள். தடுக்கப் போன உள்ளூர்க் குதிரைக்காரரையும் சுட்டார்கள். இதற்குப் பிறகும் சும்மா இரு என்று சொல்பவன் நான் இல்லை. ஆனால் எங்கள் அப்புச்சி, அம்மாவைப் பெற்றவர், அவர் வாயில் எந்நேரமும் இருந்த ஒரு பழமொழி உண்டு: பதறாத காரியம் சிதறாது.

அப்புச்சியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அவருக்குக் கொறங்காடு, அதாவது மேய்ச்சல் காடு, இருந்தது. சுற்றிலும் கிளுவை வேலி. அதில் ஒரு மயிலைக் காளைக்கன்று நின்றது. சின்னக் குட்டியாக இருந்தபோது வேலி முள்ளில் மாட்டி வலது காது நுனி கிழிந்துபோன கன்று. ஒருநாள் விடிகாலையில் பார்த்தால் கன்று இல்லை, வேலி வெட்டியிருக்கிறது. ஊருக்கே சந்தேகம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மேல். ஊர் பேர் தெரியாத ஆட்களைத் தன் சாளையில், அதாவது தோட்டத்துக் குடிசையில், தங்கவைப்பவர் அவர். எங்கள் மாமன்கள் இரண்டு பேரும் அன்று இரவே தீப்பந்தத்தோடு கிளம்பிவிட்டார்கள், அவருடைய சோளத்தட்டுப் போரைக் கொளுத்த. அப்புச்சி கட்டிலைத் தூக்கிக் கொண்டுவந்து வாசற்படிக்குக் குறுக்கே போட்டுப் படுத்துக்கொண்டார். “போருக்குத் தீ வெச்சுப்போட்டு, அப்பறம் எந்த மூஞ்சியோட போயி நாயம் கேப்பீங்க? பதறாத காரியம் சிதறாது, போய்ப் படுங்கடா” என்றார். ஊரில் அவரைக் கோழை என்றார்கள். அம்மிச்சியே இரண்டு நாள் பேசவில்லை.

சித்திரையில் கண்ணபுரம் மாட்டுத் தாவணி, அதாவது மாட்டுச் சந்தை, கூடியது. அப்புச்சி ஒவ்வொரு கட்டுத்தறியாகப் பார்த்துக்கொண்டே போனார். கிழிந்த காது கண்ணில் பட்டது. சத்தம் போடவில்லை. விலை கேட்பவர் மாதிரி தரகரிடம் போனார். தாவணியில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். துண்டுக்குள் தரகர் கையைப் பிடித்த அப்புச்சி, விடவே இல்லை. “ஏனுங் மாப்பிள்ளை, இந்தக் கன்னு எங்க புடிச்சீங்க?” என்று சிரித்தபடி கேட்டார். தரகர் இழுத்துப் பார்த்தார். ஏர் பிடித்த கை, அசையவில்லை. கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் அத்தனை பேர் முன்னால் தரகர் வாயிலிருந்தே வந்தது, யார் சாளையில் யார் தங்கி, யார் வேலியை வெட்டினார்கள் என்று. ஊர் கூடியது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் தலை நிமிரவில்லை. கன்றும் வந்தது, அபராதமும் கட்டினார், அந்தச் சாளையையும் அவர் கையாலேயே பிரித்தார். மாமன்கள் சந்தேகப்பட்டது சரியான ஆளைத்தான். ஆனால் போரைக் கொளுத்தியிருந்தால் குற்றவாளியாகக் கூட்டத்தில் நின்றிருப்பது நாங்கள்.

இப்போது லிபியாவுக்கு வாருங்கள். 1986 ஏப்ரல் 5, மேற்கு பெர்லினில் அமெரிக்கச் சிப்பாய்கள் கூடும் நடன விடுதியில் குண்டு வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். இது லிபியாவின் வேலை என்று சொல்லி, பத்தே நாளில் அமெரிக்க விமானங்கள் லிபியாவின் திரிபோலியிலும் பெங்காசியிலும் குண்டு போட்டன. பிரான்ஸ் தன் வான்வழியைத் தரவில்லை. இங்கிலாந்திலிருந்து கிளம்பிய விமானங்கள் கடல்மேல் சுற்றிக்கொண்டு போய் அடித்துவிட்டு வந்தன. லிபியாவை ஆண்ட கடாபி அடங்கினாரா? 1988 டிசம்பர் 21, ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே ஒரு பயணிகள் விமானம் வெடித்துச் சிதறி, கீழே வீட்டில் இருந்தவர்களும் சேர்த்து 270 பேர் போனார்கள்.

அதற்கு அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். ஸ்காட்லாந்து போலீஸ் வயல்வெளியில் வரிசையாக நடந்து ஒவ்வொரு துணுக்காகப் பொறுக்கினார்கள். விரல் நகம் அளவுள்ள ஒரு மின்சுற்றுத் துண்டு முக்கியச் சாட்சியமானது. அந்தச் சாட்சியத்தின் மேல் இன்றைக்கும் கேள்வி எழுப்புகிறவர்கள் உண்டு. ஆனாலும் ஐ.நா. தடை வந்தது, நெதர்லாந்தில் ஸ்காட்லாந்து நீதிமன்றமே கூடியது, 2001-இல் லிபிய உளவுத்துறை ஆள் ஒருவருக்குத் தண்டனை, இன்னொருவருக்கு விடுதலை. 2003-இல் லிபியா தன் அதிகாரிகளின் செயலுக்குப் பொறுப்பேற்று 270 கோடி டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது. ஒரே இரவில் போட்ட குண்டு செய்யாததைப் பதினைந்து வருடப் பொறுமை செய்தது. பதறாத காரியம் சிதறாது.

பதறியதற்கும் சாட்சி உண்டு. 1998-இல் கென்யா, தான்சானியா தூதரகக் குண்டுவெடிப்புகளுக்குப் பதிலாக அமெரிக்கா சூடானில் அல்-ஷிஃபா என்ற மருந்துத் தொழிற்சாலையை ஏவுகணையால் தகர்த்தது. அங்கே ரசாயன ஆயுதம் தயாரானது என்பதற்கு உலகம் ஏற்கும் ஆதாரத்தைக் கடைசிவரை காட்ட முடியவில்லை.

நம் நாட்டுக்கு வந்தால், 2008 மும்பைத் தாக்குதலில் காவல் உதவி சார்பு ஆய்வாளர் துக்காராம் ஓம்ப்ளே என்ன செய்தார்? சுட வந்த பயங்கரவாதிகளில் ஒருவனான கசாப்பின் துப்பாக்கிக் குழலைக் கையால் பிடித்தார். குண்டுகள் பாய்ந்தும் விடவில்லை. அவர் உயிரைக் கொடுத்ததால் கசாப் உயிரோடு பிடிபட்டான். அந்த உயிருள்ள சாட்சியை வைத்துக்கொண்டு உலகத்தின் முன் பேசியதால்தான், 2009 பிப்ரவரியில் பாகிஸ்தானின் உள்துறைப் பொறுப்பில் இருந்த ரஹ்மான் மாலிக், சதியின் ஒரு பகுதி தங்கள் மண்ணில்தான் நடந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. ஓம்ப்ளேவின் படத்தை நம் ஊர்ப் பள்ளிகளில் மாட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பஹல்காமுக்குப் பிறகு அரசு பதினைந்து நாள் எடுத்துக்கொண்டது. மே 7 அன்று பாகிஸ்தானிலும் அதன் பிடியில் உள்ள காஷ்மீரிலும் ஒன்பது இடங்களில் அடித்தது. அப்புறம் எல்லாக் கட்சியினரையும் சேர்த்துக் குழுக்களாக வெளிநாடுகளுக்கு அனுப்பி விளக்கியது. ஒரு குழுவுக்கு நம் தமிழ்நாட்டின் கனிமொழி தலைமை. இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதே நாட்களில் காஷ்மீர் எல்லையோரம் உள்ள பூஞ்ச்சில் பாகிஸ்தான் எறிகணை விழுந்து நம் சனங்கள் செத்தார்கள். அடிக்கு அடி என்று தொலைக்காட்சி முன் உட்கார்ந்து கத்தியவர்கள் யாரும் அங்கே இல்லை.

இங்கேதான் நம் வேலை வருகிறது. 1998 பிப்ரவரி 14-ஐக் கோயமுத்தூர் மறக்காது. வரிசையாகக் குண்டுகள் வெடித்து 58 பேர் இறந்தார்கள், இருநூறு பேருக்கு மேல் காயம். செய்தவர்கள் உள்ளூர் ஆட்கள். எந்த நாட்டின் மேல் விமானம் அனுப்புவது? என் மச்சான் அன்று ரயில் நிலையத்துப் பக்கம் நின்றிருந்தார். தொடையில் இரும்புத்துண்டு பாய்ந்த ஒருவரை நாலு பேர் தூக்கி ஆட்டோவில் போட்டார்களாம். ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்களே தவிர, காயத்தை அழுத்திப் பிடிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மச்சானுக்கும் தெரியவில்லை. இன்றைக்கும் அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிடும்.

2025 மே 7 அன்று நாடு முழுக்கச் சிவில் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது. தமிழ்நாட்டில் சென்னைப் பக்கமும் கல்பாக்கத்திலும் நடந்ததாகப் படித்தோம். நம் ஆலைகளில் சங்கு ஊதுகிறது. எதற்கு ஊதினால் எங்கே ஓட வேண்டும் என்று எந்தத் தொழிலாளிக்காவது சொல்லிக்கொடுத்திருக்கிறோமா? ரத்தம் பீறிட்டால் துணியை மடித்து வைத்து, இரண்டு கையாலும் முழு பலத்தோடு அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று துணியை எடுத்துப் பார்க்கக் கூடாது. ஊறிவிட்டால் அதன் மேலேயே இன்னொரு துணி. இது தெரிந்த இரண்டு பேர் ஒவ்வோர் ஆலையிலும், ஒவ்வொரு பள்ளியிலும், ஒவ்வொரு பேருந்து நிலையத்திலும் இருக்க வேண்டும். குண்டு வெடிக்க வேண்டியதில்லை, கரூர் சாலையில் லாரி மோதினாலும் உதவும். கை என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவன் பதற மாட்டான். மக்கள் பதறாத ஊரில் அரசுக்கும் நிதானமாக யோசிக்க நேரம் கிடைக்கும். அதனால்தான் சொல்கிறேன், முதலுதவி கற்பதும் தேசப் பாதுகாப்புதான்.

வட்டாட்சியர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வாரம் ஒருநாள் பயிற்சி நடத்த, பூட்டியே கிடக்கும் அரசுக் கட்டடம் ஒன்றைத் திறந்துவிட்டால் போதும். பயிற்சி கொடுக்க மருத்துவர் அம்மா ஒப்புக்கொண்டுவிட்டார், சுபேதார் ஐயாவும் வருகிறார். ஆலை உரிமையாளர்கள் ஆளுக்கு இரண்டு தொழிலாளிகளைச் சம்பளம் பிடிக்காமல் அனுப்பிவைக்க வேண்டும். மனு வாசல் மேசையில் இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு நோட்டும் இருக்கிறது. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பேரும் ஊரும் எழுதிவிட்டுப் போங்கள். பெண்கள் நிறையப் பேர் எழுத வேண்டும். நன்றி, வணக்கமுங்க.