சூப் பரிமாறிக்கொண்டிருந்த அம்மா

எல்லோருக்கும் வணக்கம். பேச ஆரம்பிப்பதற்கு முன்னால், திரையில் தெரியும் இந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள் ஒரு பெண். மடியில் செத்துப்போன குழந்தை. ஏதோ ஒரு மிருகம் தன் குட்டியை முகர்ந்து பார்ப்பதுபோல, குழந்தையின் மார்பில் முகத்தை அழுத்தியிருக்கிறாள். ஜெர்மானியக் கலைஞர் கேத்தே கோல்விட்ஸ் 1903-இல் உலோகத் தகட்டில் கீறி அச்செடுத்த படம் இது.

இதை எங்கே காட்டினாலும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அவங்க பிள்ளை செத்துப்போச்சா சார்?" இல்லை. படம் வரையும்போது மடியில் கிடந்தது அவருடைய சொந்த மகன் பீட்டர்தான். ஏழு வயது, உயிரோடு இருந்த பையன். எதிரே கண்ணாடியை வைத்து, ஒரு கையில் மகனைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் வரைகிறார். பாரம் தாங்காமல் முனகுகிறார். பையன் ஆறுதல் சொல்கிறான்: "பேசாம இரும்மா, ரொம்ப அழகா வரும்."

பதினோரு வருஷம் கழித்து அந்தப் பையன் போரில் செத்தான். "மகன் போனான், அதனால் அந்த அம்மா இருட்டாக வரைந்தார்" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். வருஷக் கணக்கு இடிக்கிறதே! மரணத்துக்கு முன்னாலேயே படம் வந்துவிட்டதே! அதனால் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

கேத்தே பிறந்தது 1867-இல், கிழக்குப் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க்கில். இன்றைக்கு அந்த ஊர் ரஷ்யாவின் கலினின்கிராட். தாத்தா யூலியஸ் ரூப் ஒரு பாதிரியார். அரசுத் திருச்சபையோடு முரண்பட்டு வெளியேற்றப்பட்டு, தனியாக ஒரு சபை கண்டவர். அப்பா சட்டம் படித்தவர். கொண்ட அரசியலோடு அந்த வேலை ஒத்துப்போகாததால் கொத்து வேலை கற்று, வீடு கட்டும் தொழிலுக்கு வந்தவர். மகளை ஒரு செதுக்குக் கலைஞரிடம் படிக்க அனுப்பியவரும் அவரே. கொள்கைக்காக எதையும் கொடுக்கலாம் என்று நம்பிய குடும்பம். இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வரும்.

கேத்தேயின் அம்மாவுக்கு முதல் இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. பிறகு கேத்தேயின் கடைசித் தம்பி பெஞ்சமினுக்கு மூளைக்காய்ச்சல். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அம்மா சூப் பரிமாறிக்கொண்டிருக்கிறார். வயதான ஆயா கதவைத் திறந்து கத்துகிறாள்: "மறுபடியும் வாந்தி எடுக்கிறான்!" அம்மா அப்படியே உறைந்து நிற்கிறார். பிறகு கரண்டியை எடுத்து, மிச்சப் பேருக்கும் சூப் ஊற்றுகிறார். எல்லார் முன்னாலும் அழமாட்டார். ஆனால் அம்மாவுக்குள் என்ன ஓடுகிறது என்று சிறுமிக்குத் தெரிந்துவிட்டதாம்.

தம்பி இறந்த நேரத்தில் கேத்தே மரக்கட்டைகளை அடுக்கி வீனஸ் தேவதைக்குக் கோயில் கட்டி, பலி கொடுத்து விளையாடிக்கொண்டிருந்தார். அப்பாவும் அம்மாவும் உள்ளே வந்து செய்தியைச் சொன்னதும் குழந்தை மனது முடிவுகட்டிவிட்டது: வேற்றுத் தெய்வத்துக்குப் பலி கொடுத்தேன், கடவுள் என்னைத் தண்டித்துவிட்டார். என்னைக் கேட்டால், பிற்காலத்தில் அவர் வரைந்த தாய்மார்கள் எல்லோருமே அந்தச் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து வந்தவர்கள்தான். அந்த அம்மா அடக்கி வைத்த அழுகையை இவர் காகிதத்தில் அழுதார்.

1891-இல் மருத்துவர் கார்ல் கோல்விட்ஸை மணந்து, பெர்லினில் தொழிலாளர்கள் வாழும் பகுதிக்குக் குடிபோனார். வீடும் கிளினிக்கும் ஒரே கட்டடம். கணவரைப் பார்க்க வந்த பெண்கள், இவரிடமும் மனம்விட்டுப் பேசினார்கள். வேலையில்லாப் புருஷன், மறுபடியும் வயிற்றில் குழந்தை. தொழிலாளர்களை வரைய ஆரம்பித்தது இரக்கத்தால் அல்ல, அவர்களிடம் அழகைக் கண்டதால்தான் என்று அவரே எழுதியிருக்கிறார். இரக்கம் அப்புறம்தான் வந்தது. இந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். நெசவாளர் கிளர்ச்சியைப் பற்றிய ஆறு படங்களுக்கு 1898-இல் தங்கப் பதக்கம் தரலாம் என்றது நடுவர் குழு. ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் முடியாது என்றுவிட்டார்.

இனி 1914 ஆகஸ்ட். பீட்டருக்குப் பதினெட்டு வயது. படையில் தானாகச் சேர அப்பாவின் அனுமதி வேண்டும். கார்ல் மறுத்தார். மகன் அம்மாவைப் பார்த்தான். கணவரிடம் பேசி அனுமதி வாங்கிக்கொடுத்தவர், கொள்கைக்காக எதையும் கொடுக்கலாம் என்று நம்பிய குடும்பத்தில் வந்த கேத்தே. அக்டோபரில் பெல்ஜியத்தில் பீட்டர் கொல்லப்பட்டான். போர்முனைக்குப் போய்ச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன.

போரைப் படமாக்க அவருக்கு வருஷக்கணக்கில் முடியவில்லை. உலோகத் தகட்டில் கீறும் எச்சிங்கில் முயன்றார், கல்லில் வரைந்து அச்செடுக்கும் கல்லச்சில் முயன்றார், எதுவும் திருப்தி தரவில்லை. 1920-இல் ஜெர்மானியச் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்குப் படங்களைப் பார்த்த பிறகு உளியை எடுத்தார். வித்தியாசத்தைச் சொல்கிறேன். எச்சிங்கில் மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கீறினால், கீறிய இடத்தை அமிலம் அரிக்கும். அச்சில் அதுதான் கோடு. தலைமுடி அளவு நுணுக்கம்கூட வரும். மரச்செதுக்கில் எல்லாம் தலைகீழ். உளி படாத பலகைக்கு மை தடவினால் முழுக்கக் கறுப்பு. செதுக்கி எடுத்த இடம் மட்டும் வெள்ளை. முகம் வேண்டுமென்றால் இருட்டிலிருந்து தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

அப்படி வந்த ஏழு படங்கள்தான் 'போர்' வரிசை. முதல் படத்துக்குப் பெயர் 'பலி'. நிர்வாணமாக ஒரு தாய், கைக்குழந்தையை இரண்டு கையாலும் முன்னே நீட்டுகிறாள். அவளிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை. அவளே கொடுக்கிறாள். மரக்கட்டைக் கோயிலின் முன்னால் உட்கார்ந்திருந்த சிறுமியை இந்த இடத்தில் நான் நினைத்துக்கொள்வேன். இரண்டாவது படத்தில் சாவு முரசடித்துக்கொண்டு முன்னே போகிறது. பின்னால் மயங்கிய இளைஞர்கள். சாவுக்குப் பக்கத்திலேயே இருப்பவன் பீட்டர்.

1933-இல் நாஜிகள் அவரைக் கலை அகாடமியை விட்டு விலகவைத்தார்கள். அதையெல்லாம் விரிக்க நேரமில்லை. கடைசியாக ஒரு படத்தைக் காட்டிவிடுகிறேன்.

1942-இன் தொடக்கத்தில் முடித்த கல்லச்சுப் படம் இது. 'விதைநெல்லை அரைத்து மாவாக்கக் கூடாது' என்பது தலைப்பு. கேத்தேவுக்கு எழுபத்து நான்கு வயது. ஒரு கிழவி தன் மேலங்கிக்குள் மூன்று பையன்களை அமுக்கிப் பிடித்திருக்கிறாள். முரட்டுக் கை, விடவே மாட்டாள் போலிருக்கிறது. இந்த ஓரத்தில் இருக்கிற பையனின் முகத்தைப் பாருங்கள். பயமே இல்லை. வெளியே என்ன நடக்கிறது என்று துருதுருவென்று எட்டிப் பார்க்கிறான். மூத்த மகன் ஹான்ஸ், செத்துப்போன தம்பியின் பெயரைத் தன் பிள்ளைக்கு வைத்திருந்தார். அந்தப் பேரன் பீட்டர், அதே வருஷம் ரஷ்யப் போர்முனையில் இறந்தான்.