மேப் முழுக்க சிவப்பு, ஜெயிச்சது நீலம்: ஜார்ஜியாவோட 159 கவுண்டி கணக்கு

வணக்கம் மக்களே! இன்னிக்கு ஒரே ஒரு மேப்பை வச்சுத்தான் பேச்சு. ஸ்கிரீன்ல தெரியுது பாருங்க, இது அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலம். 2020 நவம்பர் 3 ஜனாதிபதி தேர்தல்ல ஒவ்வொரு கவுண்டியிலயும் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) யாருக்கு அதிக ஓட்டுன்னு கலர் அடிச்ச மேப். சிவப்பு குடியரசுக் கட்சி டிரம்ப், நீலம் ஜனநாயகக் கட்சி பைடன். மொத்தம் 159 கவுண்டி. அதுல 129 சிவப்பு, 30 நீலம். கொஞ்சம் தள்ளி நின்னு பார்த்தா மாநிலமே செக்கச்செவேல்னு இருக்கு, நடுவுல அங்கங்க நீலமா சில திட்டு.

இந்த மேப்பைத்தான் எங்க மாமா ஊர்லேர்ந்து வாட்ஸ்அப்ல அனுப்பி, "என்னப்பா இது, இவ்வளவு சிவப்பா இருக்கு, பைடன் எப்படி ஜெயிச்சாரு? ஏதோ தில்லுமுல்லு"ன்னு கேட்டாரு. மாமா மட்டும் இல்ல, இங்க இருக்கிற எத்தனையோ பேர் இதே மேப்பைக் காட்டித்தான் அப்போ சண்டை போட்டாங்க. அதனால நிதானமா பார்த்துடுவோம்.

முதல்ல மொத்தக் கணக்கு. பைடனுக்கு 24,73,633. டிரம்புக்கு 24,61,854. வித்தியாசம் 11,779. கிட்டத்தட்ட 50 லட்சம் ஓட்டு விழுந்த மாநிலத்துல இவ்வளவுதான். ஜனாதிபதி தேர்தல்ல கவுண்டியில ஜெயிச்சா தனியா ஒரு பாயிண்ட்டும் கிடையாது. 159 கவுண்டி ஓட்டையும் ஒண்ணாக் கூட்டுவாங்க, யாருக்கு ஒரு ஓட்டு கூடவோ அவருக்கு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க மாநிலத்துக்கு இருக்கிற 16 எலக்டோரல் ஓட்டும் போயிடும். கல்யாண மொய் நோட்டுல எத்தனை பேர் எழுதியிருக்காங்கன்னா பார்க்கிறோம், கடைசிப் பக்கத்துல கூட்டுத்தொகையைத்தானே பார்க்கிறோம்? அதே கதைதான்.

சரி, இப்ப மேப்ல இந்த தென்கிழக்கு மூலையைப் பெருசு பண்றேன். பிரான்ட்லி கவுண்டி. 10 பேர்ல 9 பேர் டிரம்புக்குப் போட்ட இடம். மேப்ல ரத்தச் சிவப்பு. ஆனா ஓட்டு எவ்வளவு? டிரம்புக்கு ஏறக்குறைய 7,000, பைடனுக்கு 700. முன்னிலை ஏறக்குறைய 6,300. இப்ப அட்லாண்டாவுக்கு வாங்க. அதை ஒட்டி டிகால்ப் கவுண்டி. மேப்ல பிரான்ட்லியை விடச் சின்னதாத்தான் தெரியும். இங்க பைடனுக்கு 3 லட்சத்துக்கு மேல, டிரம்புக்கு 58,000 சொச்சம். முன்னிலை மட்டும் கிட்டத்தட்ட இரண்டரை லட்சம். அதாவது இந்த ஒரு டிகால்பை சமன் பண்ண 40 பிரான்ட்லி வேணும்.

இன்னொரு வேடிக்கை கேளுங்க. அட்லாண்டா நகரத்தோட பெரும்பகுதி இருக்கிறது ஃபுல்டன் கவுண்டியில. பைடனுக்கு அதிக ஓட்டு விழுந்ததும் அங்கதான், 3.8 லட்சம். ஆனா முன்னிலைன்னு பார்த்தா டிகால்ப்தான் ஒரு படி மேல. ஏன்னா ஃபுல்டன்ல டிரம்புக்கும் 1.37 லட்சம் இருக்கு. வடக்கு ஃபுல்டன்ல ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் க்ரீக், மில்டன் பக்கமெல்லாம் வேற மாதிரி ஓட்டு. டிவியில "ஃபுல்டன் ஃபுல்டன்"னு கத்தினாங்களே, அந்த சத்தத்துல டிகால்ப் ஓரமா நின்னுட்டு பெரிய வேலையை முடிச்சுட்டுப் போயிடுச்சு.

சரி, இதோட நிறுத்தினா "நகரம் நீலம், கிராமம் சிவப்பு"ன்னு ஒரு சுலபமான கதை ஆயிடும். அதுவும் முழுசா உண்மை இல்ல. மேப்ல நடுவுல குறுக்கா ஒரு நீலப் பட்டை ஓடுது தெரியுதா? ஹான்காக் கவுண்டி, டாலியாஃபெரோ கவுண்டி, இதெல்லாம். டாலியாஃபெரோவுல மொத்த ஜனத்தொகையே ஏறக்குறைய 1,500 பேர். சுத்தமான கிராமம். ஆனா பைடன் ஜெயிச்சாரு. பருத்தித் தோட்டத்துல அடிமைகளா வேலை செஞ்சவங்களோட வம்சாவளி இன்னிக்கும் பெருவாரியா வாழற பகுதி இது. அந்தத் தோட்டங்கள் எங்க இருந்துச்சோ, அந்த வழியாவே இந்த நீலப் பட்டை போகுது.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். பக்கத்துல 2016 மேப்பையும் போடறேன். ரெண்டையும் பாருங்க. வித்தியாசம் தெரியுதா? கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல. ஆனா 2016-ல ஜார்ஜியாவுல டிரம்ப் 2,11,000 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சாரு. நாலு வருஷத்துல 2 லட்சத்துக்கு மேல இருந்த முன்னிலையே போயிடுச்சு, மேப்ல நிறம் மாறல. எங்க போச்சு அந்த முன்னிலை?

க்வினெட் கவுண்டியைப் பாருங்க. 2016-லயும் நீலம், 2020-லயும் நீலம். மேப்பைப் பொறுத்தவரைக்கும் அங்க ஒண்ணும் நடக்கல. ஆனா 2016-ல டிரம்பை எதிர்த்து நின்ன ஹிலாரி கிளின்டனோட முன்னிலை 19,000, பைடனோடது 75,000. காப் கவுண்டியும் அதே மாதிரி, 7,000-லேர்ந்து 56,000. இந்த ரெண்டு கவுண்டியில மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல ஆட்டம் மாறியிருக்கு. ரெண்டும் ஒரு காலத்துல குடியரசுக் கட்சியோட கோட்டை. இப்போ கொரியாக்காரங்க, இந்தியாக்காரங்க, லத்தீன் அமெரிக்காக்காரங்க, கறுப்பினக் குடும்பங்கள்னு எல்லாரும் வீடு வாங்கிக் குடிவந்த புறநகர். நிறத்தைப் பார்த்தா கதை தெரியாது மக்களே, முன்னிலையைப் பார்க்கணும். நான் எக்ஸெல்ல போட்டா முதல்ல சேர்க்கிற நெடுவரிசை அதுதான்: போன தடவை முன்னிலை, இந்தத் தடவை முன்னிலை, கழித்தல்.

நம்ம ஆளுங்க நிறைய இருக்கிற ஃபோர்சைத் கவுண்டியைச் சொல்லாம விட்டா கோவிச்சுக்குவீங்க. கம்மிங் பக்கம், லேனியர் ஏரிக்குக் கொஞ்சம் மேற்க. பொங்கல் விழா, தமிழ்ப் பள்ளி, இட்லி மாவு டெலிவரின்னு எல்லாம் கிடைக்கும். இந்த ஊருக்கு ஒரு பழைய வரலாறு இருக்கு, கேட்டா மனசு கனக்கும். 1912-ல இங்க இருந்த கறுப்பின மக்களை மொத்தமா அடிச்சு விரட்டினாங்க. பல பத்து வருஷம் வெள்ளைக்காரங்க மட்டுமே இருந்த கவுண்டி. 1987-ல இதை எதிர்த்து சிவில் உரிமைப் போராளி ஹோசியா வில்லியம்ஸ் ஊர்வலம் போனப்போ கல் எறிஞ்சாங்க. அதே கவுண்டியில 2020 கணக்கெடுப்புல கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தர் ஆசிய வம்சாவளி.

ஓட்டு என்னன்னு பாருங்க. 2012-ல குடியரசுக் கட்சி வேட்பாளர் மிட் ராம்னிக்கு 80 சதவீதம். 2016-ல டிரம்புக்கு 71. 2020-ல 66. மேப்ல மூணு தடவையும் சிவப்புதான். டிரம்போட ஓட்டு எண்ணிக்கை குறையவும் இல்ல, 70,000-லேர்ந்து 85,000 ஆச்சு. ஆனா எதிர்ப்பக்கம் 23,000 இருந்தது 42,000 ஆயிடுச்சு. அதனால முன்னிலை 46,000-லேர்ந்து 43,000-க்கு இறங்கிடுச்சு. ஜெயிச்சுக்கிட்டே தேயறது. மாநிலமே 11,779-ல முடியறப்போ இங்க 3,000 குறைஞ்சாலும் வலிக்கும்.

அடுத்தது எண்ணிக்கை நடந்த விதம். நம்ம ஊர்ல வாக்கு எண்ணிக்கை அன்னிக்கு சுற்று சுற்றா மிஷின் எண்ணி, சாயங்காலத்துக்குள்ள பட்டாசு வெடிச்சுடுவாங்க. இங்க 159 கவுண்டியும் தனித்தனியா எண்ணி மாநிலத்துக்கு அனுப்புது. சின்ன கவுண்டி சீக்கிரம் முடிச்சுடும். பெரிய கவுண்டியில தபால் ஓட்டு மலை மாதிரி, கோவிட் வருஷம் வேற. அந்தத் தபால் ஓட்டுல பெரும்பங்கு பைடனுக்கு. அதனால முதல் ராத்திரி டிரம்ப் முன்னாடி, அப்புறம் சொட்டுச் சொட்டா இறங்கிக்கிட்டே வந்துச்சு. நவம்பர் 6 வெள்ளிக்கிழமை விடியறதுக்கு முன்னாடி, அட்லாண்டாவுக்குத் தெற்க இருக்கிற க்ளேட்டன் கவுண்டி ஓட்டு வந்ததும் பைடன் முந்தினாரு. அந்த வருஷம் ஜூலையில காலமான சிவில் உரிமைத் தலைவர் ஜான் லூயிஸோட காங்கிரஸ் (நாடாளுமன்ற) தொகுதியில ஒரு பங்கு அந்தக் கவுண்டியிலதான் இருந்துச்சு.

தில்லுமுல்லுன்னு மாமா சொன்னாரே, அதுக்கும் கவுண்டி கணக்குலயே பதில் இருக்கு. ஜார்ஜியாவுல 159 கவுண்டியிலயும் காகித வாக்குச்சீட்டு மொத்தத்தையும் கையால எண்ணினாங்க. மேஜை மேல கட்டுக்கட்டா சீட்டு, ஒருத்தர் பேரைப் படிக்க, பக்கத்துல இருக்கிறவர் சரிபார்த்து அந்தந்தக் குவியல்ல வைக்க. அந்த எண்ணிக்கையில உண்மையாவே விட்டுப்போன ஓட்டு கிடைச்சுது! ஃப்ளாய்ட் கவுண்டியில 2,600 சீட்டு ஸ்கேன் பண்ணாமலே கிடந்துச்சு. ஃபயெட் கவுண்டியில 2,755 ஓட்டு இருந்த மெமரி கார்டை ஏத்தவே இல்ல. இதெல்லாம் டிரம்புக்கு சாதகமா வந்த ஓட்டு, ரெண்டும் டிரம்ப் ஜெயிச்ச கவுண்டி. பைடனோட முன்னிலை 12,670-ன்னு சான்றளிச்சாங்க, அப்புறம் டிரம்ப் தரப்பு கேட்டு மறுபடியும் மிஷின்ல எண்ணினப்போ 11,779-ல நின்னுச்சு. தப்பு நடந்தது கவனக்குறைவால, நடந்தது கண்டுபிடிக்கப்பட்டுச்சு, முடிவு மாறல. 2021 ஜனவரி 2-ல, மாநிலத்துல தேர்தலை மேற்பார்க்கிற மாநிலச் செயலர் பிராட் ராஃபென்ஸ்பெர்கருக்கு டிரம்ப் போன் போட்டு 11,780 ஓட்டு கண்டுபிடிக்கணும்னு கேட்டாரே, அந்த எண் எங்கேர்ந்து வந்துச்சுன்னு இப்ப புரியுதா? 11,779 கூட ஒண்ணு. இத்தனைக்கும் ராஃபென்ஸ்பெர்கர் அவரோட கட்சிக்காரர்தான்.

இப்ப நான் ரொம்ப நாளா சொல்லணும்னு நினைச்ச விஷயம். "இத்தனை கவுண்டி சிவப்பு, அப்ப அவங்கதானே ஜெயிக்கணும்"ங்கிற எண்ணம் இருக்கே, ஜார்ஜியாவுல அது ஒரு காலத்துல நிஜமாவே சட்டமா இருந்துச்சு. கவுண்டி யூனிட் முறைன்னு பேரு. 1917-ல சட்டமாச்சு. ஜனநாயகக் கட்சி தன்னோட வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற உள்தேர்தலுக்கு. அப்போ ஜார்ஜியாவுல அந்தக் கட்சி மட்டும்தான், உள்தேர்தல்ல ஜெயிச்சவர்தான் கவர்னர். பெரிய 8 கவுண்டிக்கு ஆளுக்கு 6 யூனிட், அடுத்த 30-க்கு 4, மிச்சம் 121-க்கு 2. மொத்தம் 410. ஒரு கவுண்டியில யார் முதல்ல வந்தாரோ அவருக்கு அந்த யூனிட் முழுசும்.

அதாவது மூணு குட்டிக் கவுண்டி சேர்ந்தா ஒரு ஃபுல்டன். 1960 கணக்கெடுப்புல ஃபுல்டன்ல 5,56,326 பேர். எக்கோல்ஸ் கவுண்டியில 1,876 பேர். எக்கோல்ஸ்காரர் ஒருத்தரோட ஓட்டு ஃபுல்டன்காரங்க 99 பேருக்குச் சமம்! 1946 கவர்னர் உள்தேர்தல்ல ஜேம்ஸ் கார்மைக்கேலுக்கு யூஜின் டால்மட்ஜை விட அதிக ஓட்டு விழுந்துச்சு, ஆனா யூனிட் கணக்குல டால்மட்ஜ் ஜெயிச்சாரு. நகரத்துப் பக்கமே போகாம, கிராமத்துத் திண்ணையிலயே பிரசாரத்தை முடிச்சுடலாம். நகரத்துக்காரங்களையும் கறுப்பின மக்களையும்தான் அந்த அரசியல் வெளியில நிறுத்துச்சு.

ஃபுல்டன் கவுண்டி வாக்காளர் ஒருத்தர் வழக்குப் போட்டு, அது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. அப்போ அட்டர்னி ஜெனரலா இருந்த ராபர்ட் கென்னடியே வந்து வாதாடினாரு. 1963 மார்ச் 18 தீர்ப்பு, 8-க்கு 1. ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு, அவ்வளவுதான்னு நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதினாரு. அதனால இன்னிக்கு இந்த மேப்பைக் காட்டி நியாயம் கேட்கிறவங்க, தெரிஞ்சோ தெரியாமலோ அந்தப் பழைய கணக்கைத்தான் திரும்பக் கேட்கிறாங்க. எனக்கு அது கொஞ்சம்கூட ஒப்பல.

யூனிட் முறை போன அடுத்த வருஷம், 1964-ல, யாரும் 50 சதவீதம் தாண்டலைன்னா முதல் ரெண்டு பேருக்குள்ள மட்டும் மறுதேர்தல்ங்கிற சட்டம் வந்துச்சு. அது 2020-ல யாரைக் கடிச்சுது தெரியுமா? அதே நாள் நடந்த செனட் (மேலவை) தேர்தல்ல குடியரசுக் கட்சி டேவிட் பெர்டியூ, ஜனநாயகக் கட்சி ஜான் ஆசோஃபை விட 88,000 ஓட்டு முன்னாடி. டிரம்பை விடவும் சில நூறு ஓட்டு அதிகம் வாங்கியிருந்தாரு. ஆனா 49.7 சதவீதம். 2021 ஜனவரி 5 மறுதேர்தல்ல தோத்துட்டாரு. அன்னிக்கே மாநிலத்தோட இன்னொரு செனட் சீட்டுல ஜனநாயகக் கட்சி ரஃபேல் வார்னாக்கும் ஜெயிக்க, செனட்டே அவங்க கட்சிக்குக் கைமாறிடுச்சு.

2024 பத்தி சுருக்கமா சொல்லிடறேன். டிரம்ப் 1,15,000 ஓட்டுல ஜெயிச்சாரு. க்வினெட், காப், டிகால்ப், ஃபுல்டன் எல்லாம் நீலமாவேதான் இருந்துச்சு. முன்னாடி சொன்னேனே அந்த நடுப் பட்டை, அங்க பால்ட்வின் மாதிரி சில கவுண்டி சிவப்பாச்சு. அவரை எதிர்த்து நின்ன கமலா ஹாரிஸ் 2020-ல பைடன் வாங்கினதை விட 74,000 ஓட்டு அதிகமா வாங்கித்தான் தோத்தாங்க, ஏன்னா டிரம்ப் தன்னோட பழைய கணக்குல 2 லட்சம் கூட்டிட்டாரு. அந்த 2 லட்சம் எந்தெந்தக் கவுண்டியிலேர்ந்து வந்துச்சுன்னு பிரிச்சுப் பார்க்கிறது தனி வீடியோவுக்கு வேலை. மாநிலச் செயலர் அலுவலக சைட்லயே கவுண்டி வாரியா எல்லாம் கிடைக்குது, இறக்கி எக்ஸெல்ல போட்டுப் பாருங்க. உங்க கவுண்டியில என்ன ஆச்சுன்னு பார்த்துட்டு சொல்லுங்க. வரட்டா!